ஏறக்குறைய தாய்மாமன்

1

என் முகத்தை இப்போது ஆட்டுக் கொட்டகையின் மேல் போட்டிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை காலை அந்தப் புகைப்படம் என் கைபேசிக்கு வந்தது. அனுப்பியவன் முனுசாமி, என் சித்தப்பா மகன். ஊரில் கோடை மழை அடித்துப் பெய்திருக்கிறது. கொட்டகைக் கூரை ஒழுகியதால், சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய பேனரை எடுத்து மேலே விரித்து, பறக்காமல் இருக்கச் செங்கற்களை வைத்திருக்கிறான். பேனரில் பாதிக்கு மேல் நான்தான் இருக்கிறேன். கோட்டு சூட்டுப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, யாருக்கோ வேலை கொடுக்கப் போகிறவன் மாதிரி சிரிக்கிறேன். நெற்றியின் மேல் ஒரு செங்கல். கீழே மூன்று ஆடுகள் நனையாமல் நின்று அசைபோடுகின்றன.

கூடவே ஒரு குரல் பதிவு. "அண்ணாத்த, உன் மூஞ்சி செம ஸ்ட்ராங்கா கீது. ஒரு சொட்டு தண்ணி உள்ள எறங்கல."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னான். எங்கள் பக்கத்தில் எல்லா பேனர்களும் கடைசியில் இப்படித்தான் ஏதாவது ஒரு கூரைக்குப் போய்ச் சேரும். கல்யாண மாப்பிள்ளை விறகு மேல் கிடப்பார், மஞ்சள் நீராட்டு விழாப் பெண் பம்புசெட்டு மேல் கிடப்பாள். எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

"தாய்மாமன் லண்டன் ஏகாம்பரம் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று பேனரில் போட்டிருக்கும். நான் இருப்பது லண்டன் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே போக வேண்டும். இதைப் பல தடவை சொல்லிவிட்டேன், ஊரில் யாரும் காதில் வாங்கியதில்லை. நானும் யோக்கியன் இல்லை. இங்கே யாராவது ஊர் எது என்று கேட்டால் "சென்னைக்குப் பக்கம்" என்கிறேன். கடப்பாக்கத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதுகு கழன்றுவிடும்.

அந்த பேனர் என்னை வரவேற்க ஒரு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. நான் போகவில்லை. போகாத கதையைச் சொல்வதற்கு முன் இங்கே இருக்கும் இங்கிலீஷ்காரர்களின் ஒரு வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வால் என்றது சொல்லின் வாலை.

2

ஆங்கிலத்தில் "இஷ்" என்று ஒரு வால். எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டவைக்கலாம். ஒட்டினால் அந்தச் சொல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஏழு மணி என்றால் ஏழு மணி. ஏழு இஷ் என்றால் ஏழு, ஏழே கால், ஏழரை. நாற்பது வயது இஷ் என்றால் நாற்பதைத் தாண்டியவர் என்று புரிந்துகொண்டு மேலே கேட்காமல் இருக்க வேண்டும். உயரம் இஷ், சூடு இஷ், பசி இஷ். எழுத்தில் பெரிய மனிதர்கள் தவிர்ப்பார்கள், பேச்சில் எல்லோருக்கும் வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹெலன் என்ற பெண்மணி எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் வேலை செய்யும் கிடங்கில் ஆள் சேர்ப்பு, விடுமுறை, விசா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். "ஏழு இஷ்" என்றார். நாவலூர் ஆபீசில் வேலை செய்த காலத்தில் ஒன்பது மணி மீட்டிங்குக்கு எட்டரைக்கே போய் உட்கார்ந்து பழகியவன் நான். மனைவி சுமதியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, மைசூர்பாகு டப்பாவோடு, ஆறே முக்காலுக்கு அவர் வீட்டு மணியை அடித்தேன். ஹெலன் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். முகத்தில் ஏதோ பச்சையாகப் பூசியிருந்தார். "ஓ, ஏகா" என்றார். அப்போதே அவருக்கு நான் ஏகா ஆகிவிட்டேன், அம்பரம் சுங்கத்திலேயே நின்றுவிட்டது. எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். அடுத்த முக்கால் மணி நேரம் நாங்களும் அவர் பூனையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம்மிடம் இது இல்லையா என்றால் ஏகப்பட்டது இருக்கிறது. "பத்து மணி வாக்குல வர்றேன்" என்கிறோம். "ஒரு அஞ்சாறு பேரு இருப்பாங்க" என்கிறோம். குளிக்கவே போகாதவன் "இதோ வந்துகினே கீறேன்" என்று சொல்கிறான், எதிர்முனையில் இருப்பவனும் அதை நம்பாமல் இன்னொரு டீ சொல்கிறான். இதில் யாருக்கும் மனஸ்தாபம் வந்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்தவர்களுக்கு நேரம் முன்பின் ஆவது ஒரு விஷயமே இல்லை. ஆனாலும் எனக்கு இந்த ஆங்கில வால் பிடித்துப்போனது. நாகரிகமாக இருந்தது. சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். இரண்டே வருஷத்தில் நான் எல்லாவற்றுக்கும் இஷ் போட ஆரம்பித்துவிட்டேன்.

என் மகள் கீர்த்திக்கு வாலே போதும், உடம்பு தேவையில்லை. பதின்மூன்று வயது. "சாப்பிட்டியாம்மா?" என்றால் "இஷ்" என்பாள். "ரூமைச் சுத்தம் பண்ணியா?" "இஷ்." கதவு மூடிவிடும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அப்புறம் நான் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் அவள் தோழிகளோடு சிரித்துப் பேசுவதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அத்தனை வேகமான ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் பிடிபடும்.

3

முனுசாமியின் புகைப்படம் வந்தபோது நான் கீர்த்தியோடு இங்குள்ள பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் எடுத்தது இஷ். சின்னச் சொல், வேலை சீக்கிரம் முடியும் என்ற கணக்கு. சுமதிக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன்.

வேலை சீக்கிரம் முடியவில்லை. தடிமனான அகராதியில் அந்த இரண்டு எழுத்துக்குப் பத்தி பத்தியாகப் போட்டிருந்தார்கள். கீர்த்தி வாசித்தாள், எனக்காக இடையிடையே தமிழில் சொன்னாள். அவளோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்பா, முதல்ல இது ஏறக்குறைய இல்லையாம். முதல்ல இது ஊரு" என்றாள்.

அதாவது, இந்த வால் மிகப் பழைய ஆங்கிலத்திலேயே இருந்திருக்கிறது. அப்போது அதன் வேலை ஒருவன் எந்த மக்களைச் சேர்ந்தவன் என்று சொல்வது. இங்கிலிஷ், ஐரிஷ், ஸ்பானிஷ் எல்லாவற்றின் கடைசியிலும் இருப்பது அதே வால்தான். இன்னாரைச் சேர்ந்தவன், இன்ன மண்ணுக்காரன் என்று அடித்துச் சொல்வதற்காகப் பிறந்த வால். பிறகு அது மனிதர்களின் குணத்துக்குப் போயிருக்கிறது. பிள்ளைத்தனம், முட்டாள்தனம் என்று நாம் சொல்லும் இடங்களில் அவர்கள் இதை ஒட்டினார்கள். பிறகு நிறத்துக்குப் போனது, நீலம் என்று சொல்ல முடியாத நீலத்துக்கும் சிவப்பு என்று சொல்ல முடியாத சிவப்புக்கும். அங்கேதான் அது முதல் தடவையாகத் தளர்ந்திருக்க வேண்டும். பிறகு உயரத்துக்கு, வயதுக்கு, கடிகாரத்துக்கு. நேற்று முந்தாநாள் என்று சொல்லும்படியான காலத்தில்தான் அது எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தனியே நின்று ஒரு சொல்லாகவே ஆகியிருக்கிறது.

எந்த ஊர்க்காரன் என்று சொல்ல வந்த வால், முழுசாக எதுவும் இல்லை என்று சொல்லும் சொல்லாக முடிந்திருக்கிறது. எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. எனக்கு அதற்கு இந்த நாட்டில் பதினோரு வருஷம்தான் பிடித்தது.

போன மாதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு புதுப் பெண் கீர்த்தியிடம் அவள் இந்தியாவா என்று கேட்டாள். நான் காருக்குள் இருந்தேன், கண்ணாடி இறக்கியிருந்தது. கீர்த்தி தோளைக் குலுக்கிவிட்டு "இஷ்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன். திட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

நூலகத்தில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கைபேசி அதிர்ந்தது. படத்தைப் பார்த்த கீர்த்தி, நூலகம் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இது அத்தையோட யாழினி பாப்பா ஃபங்ஷன் பேனர்தானே? நீங்க போகாம விட்டது?"

ஆமாம் என்றேன்.

"ஏன் போகலப்பா?"

விசா என்றேன். அவள் திரும்பவும் அகராதியைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

4

என் தங்கை பெயர் அமுதா. வீட்டில் அமுலு. செய்யூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ராஜவேலு சரக்கு வேன் ஓட்டுகிறார், தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டில் அவர் மட்டும் இல்லையே. பன்னிரண்டு வருஷம் அமுலுவுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. விசேஷங்களில் அவளைப் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்று முனுசாமிதான் ஒருமுறை சொன்னான்.

பிறகு யாழினி பிறந்தாள்.

எங்கள் பக்கம் காதுகுத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் தாய்மாமனைக் கேட்பார்கள். மொட்டை போட்டுக் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். புதுத் துணி, காதுக்குப் பொட்டுக் கம்மல், தட்டு வரிசை எல்லாம் பிறகு. முதலில் மடி. "இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது" என்று புகுந்த வீட்டுக்காரர்கள் முன்னால் பிறந்த வீடு வந்து உட்கார்ந்து காட்டுவதுதான் அந்தச் சடங்கு. பன்னிரண்டு வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்தவளுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் அமுலு கூப்பிட்டாள்.

"ண்ணா, நீ எப்ப வர்றேன்னு சொல்லு. அன்னிக்கித்தான் காதுகுத்து. நாளு கெழமையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

என் விசா ஏப்ரலில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும் என்பதும் தெரியும். எவ்வளவு நாளாகும் என்று ஹெலனைக் கேட்டேன். "எட்டு வாரம் இஷ்" என்றார். அந்த எட்டு வாரத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன், வாலை விட்டுவிட்டேன். மார்ச் நடுவில் போட்டால் மே நடுவில் வந்துவிடும்.

"மே பதினஞ்சு வாக்குல வந்துடுவேன் அமுலு" என்றேன்.

"சத்தியமா?"

"வந்துடுவேன்னு சொல்றேன்ல."

அவ்வளவுதான். வைகாசி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் என்று பத்திரிகை அடித்துவிட்டாள். அதில் தாய்மாமன் என்று என் பெயரும் பக்கத்தில் லண்டனும் இருந்தது. பேனருக்குப் படம் கேட்டாள். ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணத்தில் வாடகைக் கோட்டுப் போட்டு எடுத்த படத்தை அனுப்பினேன். கடற்கரையில் மீன் விற்கும் அஞ்சலையிடமும் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்துவிட்டாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அமுலு செய்வது அது. வந்து இறங்கும் அன்று காலையில் படகு வந்ததும் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிவிட வேண்டும். "எங்கண்ணன் வர்றாரு, வேற யாருக்குனா தூக்கிக் குட்துடாத" என்று நான் வருவதற்குப் பல நாள் முன்பிருந்தே அஞ்சலையின் உயிரை வாங்குவாள். மீன் அன்றைக்கு அன்றுதான். நாளை என்றால் பிரயோஜனம் இல்லை.

ஏப்ரல் போயிற்று. விசா வரவில்லை. அமுலு வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"வந்துடும், பாத்துகினே இருக்கேன்."

"டிக்கெட்டு போட்டியா?"

"கிட்டத்தட்ட போட்ட மாதிரிதான்."

கிட்டத்தட்ட டிக்கெட் போடுவது எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் நான் அப்படித்தான் சொன்னேன். வர முடியாமல் போகலாம் என்று ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. அவள் மனசு உடையக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், லண்டன் மாமனாக இருப்பது எனக்கே பிடித்திருந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவனாகத் தெரிவது பிடிக்கவில்லை.

நான்கு நாள் முன்னால், வேறு வழியில்லாமல், "கஷ்டம் போலத் தெரியுது" என்றேன். "செரி ண்ணா, நீ முயற்சி பண்ணு" என்றாள். அப்போதும் அவள் நான் வருவேன் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

5

காதுகுத்து அன்று இங்கே காலை ஐந்து மணி, அங்கே ஒன்பதரை. நன்றாக வெளுத்துவிட்டிருந்தது. சுமதியும் கீர்த்தியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி கட்டி, சமையலறை மேசையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். வேட்டி எதற்கு என்று கேட்காதீர்கள்.

முனுசாமி வீடியோவில் கூப்பிட்டு, கைபேசியை யாரோ ஒரு பெண் கையில் கொடுத்திருந்தான். முதலில் பந்தல் துணி தெரிந்தது. பிறகு கோயில் வேப்பமரம். சாலை முனையில் கட்டியிருந்த பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் நல்ல கூட்டம். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், ஆசாரி பக்கத்தில் குண்டூசி மாதிரி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை பட்டுப் பாவாடையில் வியர்த்துப்போய் அழுதது. பாய் விரித்த பலகை ஒன்று யாரும் உட்காராமல் காலியாக இருந்தது.

"மாமன் எங்க? நேரம் போய்கினு கீது" என்று ஒரு பெண்ணின் குரல். ராஜவேலுவின் அக்கா என்று நினைக்கிறேன்.

அமுலு என் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"வந்துகினு கீறாரு. பிளைட்டு லேட்டு. செங்கல்பட்டு தாண்டிட்டாராம்."

என் தங்கை எனக்காகப் பொய் சொன்னாள். இருநூறு பேர் முன்னால், குரல் நடுங்காமல் சொன்னாள். நான் சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டியவன் எங்கே இருப்பான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மதுராந்தகம் வந்திருப்பான், இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரு கிழவர் எழுந்து சாலையை எட்டிப் பார்த்தார்.

பத்து மணி ஆயிற்று. பத்தே காலும் ஆயிற்று.

"மாமன் இல்லாத பொண்ணாட்டம் இன்னாத்துக்கு இப்டி காக்க வெக்கிறீங்க? யாராச்சும் ஒக்காருங்க" என்றது அதே குரல்.

முனுசாமி அதுவரை தண்ணீர் டேங்கர் பக்கம் நின்று குழாயைச் சரி செய்துகொண்டிருந்தான். லுங்கி, கிரீஸ் கறை படிந்த பனியன். கையைப் பந்தல் கால் துணியில் துடைத்துவிட்டு வந்தான், யாரோ தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான், பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"குடு பாப்பாவ. நானும் மாமன்தான். இன்னா இப்ப?"

குழந்தை அவன் மடியில் போய் விழுந்ததும் அழுகையை நிறுத்தியது. மொட்டை முடிந்து ஆசாரி ஊசியை எடுத்தபோது மறுபடி வீறிட்டது. முனுசாமி அதன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான், குத்துவது அவன் காதில் என்பதுபோல.

கைபேசியைப் பிடித்திருந்த பெண் அப்போதுதான் என் ஞாபகம் வந்து அதை அமுலுவிடம் நீட்டினாள். அமுலு திரையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையோடு என்னைப் பார்த்தாள். கைபேசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது, எனக்கு இருட்டாகிவிட்டது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மேளம், சிரிப்பு, பந்திக்கு வாங்க என்ற குரல்கள். அது அணையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

பதினோரு நாள் கழித்து விசா வந்தது. ஹெலன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், "எட்டு வாரம் இஷ் என்றேன் அல்லவா" என்றார். அவர் மேல் குற்றமே கிடையாது. அவர் சொன்னபோதே அதில் முன்பின் ஆகும் என்று சொல்லித்தான் சொன்னார்.

அன்றைக்கே அமுலுவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரியிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதையும். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வர முடியாதுன்னு சொல்லியிருந்தா ஆனிக்குத் தள்ளியிருப்பேன் ண்ணா. பத்திரிக போனா இன்னொரு பத்திரிக. உன்ன வுட தேதியா முக்கியம் எனக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் ஒரு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். ஆனியில் என் கையில் விசா இருந்தது.

கொஞ்ச நாள் பழியை அந்த வாலின் மேல் போட்டுப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்களின் வழவழாப் பேச்சு நம்மையும் கெடுத்துவிட்டது என்று சுமதியிடம் பெரிதாகப் பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவங்க ஏழு இஷ்னா ஏழரைக்காவது கதவத் தொறக்கறாங்களே" என்றாள். சரிதான். இங்கேயும் சரி, ஊரிலும் சரி, முன்பின் ஆவது மணிதான். ஆள் வருவான். பத்து மணி வாக்கில் என்றவன் பன்னிரண்டுக்காவது வந்து நிற்பான். வருவேனா மாட்டேனா என்பதற்கே வாலை ஒட்டவைத்தவன் நான் ஒருவன்தான். அதை எனக்கு எந்த மொழியும் கற்றுக்கொடுக்கவில்லை.

விசா வந்த பிறகாவது உடனே போனேனா? ஆகஸ்ட் வாக்கில் என்றேன். தீபாவளி வாக்கில் என்றேன். டிக்கெட் விலை, கிடங்கில் ஆள் இல்லை, கீர்த்தியின் பரீட்சை. உள்ளதைச் சொன்னால், அந்தக் காலியான பலகையைப் பார்த்தவர்கள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அமுலு ஒவ்வொன்றுக்கும் "செரி ண்ணா" என்றாள். பிறகு ஒரு கட்டத்தில், எப்போது என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை, அவள் எப்ப வர்றே என்று கேட்பதையே விட்டுவிட்டாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், மழை பெய்ததைச் சொல்கிறாள். அந்த ஒரு கேள்வி மட்டும் இல்லை. பதினோரு வருஷமாக எனக்குச் சலிப்பூட்டிய கேள்வி அது. இப்போது ஒவ்வொரு அழைப்பின் கடைசியிலும் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைக்கிறேன்.

யாழினிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பேச்சு வந்துவிட்டது. முனுசாமி அவளுக்கு மாமா. வேன் சத்தம் கேட்டால் அப்பா, சைக்கிள் மணி கேட்டால் மாமா. திரையில் என்னைக் காட்டினால் கை தட்டி "போன் மாமா" என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம், அவளாக வைத்த பெயர்.

நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த அந்தச் சனிக்கிழமை மதியம் டிக்கெட் போட்டேன். மூன்று பேருக்கும். கிட்டத்தட்ட இல்லை, பணம் கட்டி, இருக்கை எண்ணோடு. கீர்த்தி எட்டிப் பார்த்து, "நிஜமாவாப்பா?" என்றாள். நிஜமாகத்தான் என்றேன். அவள் திரையில் பெயர்களை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள். அவளும் என்னை அவ்வளவு தூரம்தான் நம்புகிறாள் போல.

அமுலுவைக் கூப்பிட்டேன்.

"அமுலு, ஆகஸ்ட் ஒம்போதாம் தேதி. காலையில நாலு பத்துக்கு மீனம்பாக்கத்துல எறங்கறோம். டிக்கெட்ட உனக்கு அனுப்பியிருக்கேன் பாரு. எட்டு மணிக்கெல்லாம் வூட்ல இருப்பேன்."

"அப்டியா ண்ணா? நல்லது, நல்லது. அண்ணியும் வர்றாங்களா? பாப்பா வளந்துருக்கும்." உண்மையான சந்தோஷம் அது, குரலிலேயே தெரிந்தது. பின்னால் ஆடு கத்தியது. யாழினி யாரையோ கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரம் பேசினோம். வைக்கும் முன், விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "அஞ்சலைகிட்ட சொல்லி வெச்சுடு. வஞ்சிரம்."

அவள் சிரித்தாள்.

"மொதல்ல வந்து எறங்கு ண்ணா. எறங்கினு போன் பண்ணு. அப்பறமா மீனு வாங்கிக்கலாம்."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று கவனமாகக் கேட்டேன். இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.